தினமும் தண்ணி காட்ட வேண்டிய வடிகட்டி: கொல்லிமலையில் பதினான்கு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தெர்மாகோல் வைத்து அட்டைப்பெட்டியில் வரும் பொருள் இல்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்ட் பெட்டி, உள்ளே மணலும் ஜல்லியும், பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்க்கிற ஒரு குழாய், அவ்வளவுதான். கரண்ட் கிடையாது, மாற்றுவதற்குக் கேண்டில் கிடையாது, கேரண்டி கார்டும் கிடையாது. பயோசாண்ட் ஃபில்டர் என்று பெயர், எங்கள் வீட்டில் அது "மணல் பெட்டி". போன வருடம் சித்திரையில் வைத்தோம். மலையில் வீடு இருக்கிற சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அம்மா வீடு கொல்லிமலையில். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, செம்மேடு தாண்டி, அப்புறம் மினி பஸ் போகாத ஒரு மண் பாதையில் இருபது நிமிட நடை. சுற்றிலும் மிளகும் காப்பியும் பலாவும், கீழே பள்ளத்தில் மரவள்ளி. குடிக்கிற தண்ணீர் வீட்டுக்கு மேலே பாறை இடுக்கில் வருகிற ஊற்றிலிருந்து. தாத்தா காலத்திலிருந்து அதுதான். "ஊத்துத் தண்ணிக்கு என்ன குறை, தேன் மாதிரி இருக்கு" என்பார் சித்தப்பா. மாசி பங்குனியில் அவர் சொல்வது சரிதான், கண்ணாடி மாதிரி இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் அதே ஊற்று டீ நிறத்துக்கு வந்துவிடும். மேலே மாடு மேய்கிறது, பன்றி கிளறுகிறது, மனுசங்களும் ஒதுங்குகிறார்கள், எல்லாம் மழையோடு கரைந்து கீழே வருகிறது. மழை பிடித்த பத்தாவது நாள் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக மறுபடி அந்த இருபது நிமிட நடை, தோளில் பிள்ளையோடு. எங்கள் அண்ணன் மகனுக்கு இரண்டு வருடம் தொடர்ந்து இது நடந்தது.

கொதிக்க வைத்தால் தீர்ந்தது என்று எல்லாரும் சொல்வார்கள், தீரும்தான். எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் ஒன்றும் குறைவில்லை, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும். ஆனால் ஆறு பேர் குடிக்கிற தண்ணீரை விறகு அடுப்பில் தினமும் கொதிக்க வைப்பது யார்? அண்ணிதான். மழைக்காலத்தில் ஈர விறகு. இரண்டு நாள் செய்வார், மூன்றாவது நாள் கைக்குழந்தைக்கு மட்டும். குறை சொல்ல எனக்கு வாயில்லை, நான் நாமக்கல்லில் கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.

இந்த மணல் பெட்டிக்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். சமவெளியில் ஒரு கடையில் 9,500 ரூபாய் கொடுத்து ஆர்.ஓ. மெஷின் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் எங்கள் ஊற்றுத் தண்ணீரை ஒரு கிளாஸிலும் மெஷின் தண்ணீரை இன்னொரு கிளாஸிலும் ஊற்றி, இரண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை இறக்கி கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே நுரை கட்டியது. மெஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. "பாருங்க மேடம், இதைத்தான் குடிக்கிறீங்க" என்றார். எனக்கு வயிற்றைப் புரட்டியது, உடனே பணத்தை எடுத்து வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை, கருவியில் இருக்கிற இரும்புக் கம்பி கரைந்து வருகிற துரு. தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும். உப்பையெல்லாம் எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் நிறமும் மாறாது. நல்ல தண்ணீரையும் சாக்கடை மாதிரி காட்டுகிற வித்தை. யாராவது உங்கள் வீட்டு வாசலில் இந்தக் கம்பியோடு வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மெஷின் மலை ஏறியது. கரண்ட் வந்தால் வோல்டேஜ் இல்லை, வோல்டேஜ் இருந்தால் மெஷினுக்கு மேல் வைத்த டிரம்மில் தண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் விட, அது ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று குடத்தைக் கழிவாகக் கொட்டியது. குழாயைத் திறந்தால் வருகிற ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஊற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த குடத்தை ஒரு மெஷினில் ஊற்றி, அதில் முக்கால்வாசி தரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. ஒரு வாரத்தில் அதன் மேல் துண்டு போட்டு மூடிவிட்டார். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு, எங்கள் ஊற்றில் லிட்டருக்கு 70 மில்லிகிராம் சொச்சம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500 வரைக்கும் நல்லது என்கிறது. 500-க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தடை கொண்டுவரச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் உத்தரவு போட்டது. எங்கள் தண்ணீரில் எடுப்பதற்கு உப்பே இல்லை, இருந்தது கிருமியும் கலங்கலும். தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்ட கதை.

சரி, மணல் பெட்டிக்கு வருவோம்.

மணலில் தண்ணீரை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்வது பழைய முறைதான். லண்டனில் 1829-லேயே ஊருக்குப் போகிற ஆற்றுத் தண்ணீரை இப்படி வடித்திருக்கிறார்கள், சென்னையில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்திலும் நூறு வருடத்துக்கு முன்பு இதே மெது மணல் வடிகட்டிதான். அதில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டில் அது நடக்காது. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் என்பவர் 1990-களில், நிறுத்தி நிறுத்தி ஊற்றினாலும் வேலை செய்கிற மாதிரி அதைச் சின்னதாக்கினார். அந்த ஊரிலேயே காஸ்ட் என்று ஒரு அமைப்பு வரைபடம், அளவு, செய்முறை எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. அச்சு இருந்தால் கிணற்று உறை வார்க்கிற யாரும் இதை வார்க்கலாம்.

அடிவாரத்தில் ஒரு பட்டறையில் அச்சு இருந்தது. பெட்டி, மூடி, உள்ளே வைக்கிற ஓட்டைத் தட்டு, மணல் ஜல்லி, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 4,600 ரூபாய். முதல் பெட்டி குழாய் வெளியே வருகிற இடத்தில் கசிந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்ததால் தெரிந்தது, இல்லாவிட்டால் அதை மலை ஏற்றிய பிறகல்லவா தெரிந்திருக்கும். பட்டறைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு வார்த்துக் கொடுத்தார், ஆனால் சாக்கு போட்டு ஒரு வாரம் ஈரம் காய விடாமல் வைத்திருக்க நாங்கள்தான் பின்னாலேயே நிற்க வேண்டியிருந்தது. நீங்கள் வாங்கினால் கசிவு பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெறும் பெட்டியே 90 கிலோவுக்கு மேல். மினி லாரி வரைக்கும் சரி, அதற்கு மேல் மண் பாதையில் மூங்கில் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். நடுவில் எங்கள் சித்தப்பா, "இதுக்கு அந்த மெஷினையே துடைச்சு வச்சிருக்கலாம்" என்றார். அவரும் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்.

மணல்தான் உயிர். ஆற்று மணல் வேண்டும் என்று நினைத்தேன், வேண்டாம் என்கிறார்கள், அதில் மண்ணும் மட்கிய குப்பையும் கிருமியும் இருக்கும். கிரஷரில் உடைத்த கல் மணல்தான் நல்லது. எங்கள் மாவட்டத்தில் கிரஷருக்குப் பஞ்சமா, எம்-சாண்ட் வந்து இறங்கியது. அதை மூன்று சல்லடையில் சலித்து, பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, 0.7 மில்லிமீட்டர் கண்ணில் இறங்கிய நைஸ் மணல் என்று பிரித்தோம். பிறகு கழுவ வேண்டும். இங்கேதான் நான் சொதப்பினேன். சுத்தம் என்றால் சுத்தமாக இருக்கட்டும் என்று, அரிசி களைகிற மாதிரி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவித் தள்ளிவிட்டேன். அப்படிக் கழுவினால் நைஸாக இருக்கிற பொடி எல்லாம் போய்விடும். பெட்டியில் நிரப்பித் தண்ணீர் விட்டால் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பியது. எனக்கு ஒரே பெருமை, எவ்வளவு வேகம் பாருங்கள் என்று. அது தப்பாம். நிமிடத்துக்கு 0.4 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, அதாவது பாட்டில் நிரம்ப இரண்டரை நிமிடமாவது ஆக வேண்டும். வேகமாகப் போனால் தண்ணீர் மணலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது என்று அர்த்தம். மொத்த மணலையும் வெளியே எடுத்து, கழுவிய தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகவே இருக்கிற பதத்தில் வேறு மணல் கழுவிப் போட்டோம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

நிரப்பும்போது ஒரு விஷயம்: முதலில் தண்ணீர், அதற்குள் மணல். மணலைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது நமக்குத் தண்ணி காட்டும். அடியில் ஐந்து சென்டிமீட்டர் பெரிய ஜல்லி, அதன் மேல் ஐந்து சென்டிமீட்டர் சின்ன ஜல்லி, அதற்கு மேல் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக மணல். ஊற்றுவதை நிறுத்தி, சொட்டு நின்ற பிறகு மணலுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். இந்த ஐந்து சென்டிமீட்டரில்தான் சூட்சுமம் இருக்கிறது. மணலின் மேல் தோலில், ஒரு விரல்கடை ஆழத்துக்குள், ஊற்றுத் தண்ணீரோடு வருகிற நுண்ணுயிர்களே பாசி மாதிரி ஒரு படலம் கட்டுகின்றன. புதிதாக வருகிற கிருமியை அந்தப் படலம் தின்றுவிடும். மேலே நிற்கிற தண்ணீர் அதிகமானால் படலத்துக்கு மூச்சு முட்டும், குறைந்தால் காய்ந்து செத்துப் போகும்.

அடியிலிருந்து மேலே ஏறி வெளியே வருகிற குழாய் முனையின் உயரம்தான் இந்த அளவைத் தானாகவே நிறுத்தி வைக்கிறது. அதனால் அந்த முனையில் திருகு குழாய் மாட்டக் கூடாது, ஓஸ் மாட்டவும் கூடாது. வீட்டுக்கு வருகிற எல்லாரும் "டேப் வைக்க மறந்துட்டாங்களா" என்று கேட்கிறார்கள். தம்பி ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல், வாளியைத் தள்ளி வைக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு முழ ஓஸை மாட்டிவிட்டான். ஓஸ் வழியாகத் தண்ணீர் இழுத்துக்கொண்டு இறங்கி, சாயங்காலம் பார்த்தால் மணல் வறண்டு கிடக்கிறது. படலம் போயிற்று, திரும்ப முதலிலிருந்து.

படலம் முழுசாகக் கட்ட இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் ஆகும். அதுவரை வடித்த தண்ணீரையும் கொதிக்க வைத்தோ குளோரின் மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்தார்கள், எங்கள் அண்ணி அதில் ஒருவர். அவர்களுக்குக் கொடுத்த சோதனைப் பெட்டியில் சின்னச் சின்ன கண்ணாடிக் குப்பிகள் இருக்கும், தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பாக வைக்க வேண்டும், மலக்கழிவு கலந்த தண்ணீரானால் கறுத்துவிடும். எங்கள் ஊர்க் குளிரில் அது சும்மா வைத்தால் கறுக்காது, அண்ணி துணியில் சுற்றி அடுப்பு மேடையில் வைப்பார். ஊற்றுத் தண்ணீர் மறுநாள் காலையிலேயே மை மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் சித்தப்பா வாயடைத்துப் போனார், நான் பார்த்த ஒரே தடவை. மணல் பெட்டித் தண்ணீர் பத்தாம் நாளில் லேசாகக் கறுத்தது, நாற்பதாம் நாளில் கறுக்கவே இல்லை.

வீட்டில் கொண்டாட்டம். அடுத்த வாரம் குடிக்கிற டிரம்மிலிருந்து எடுத்த குப்பி கறுத்துவிட்டது. பெட்டிக் குழாயில் பிடித்தது சுத்தம், டிரம்மில் இருப்பது அசுத்தம். காரணம் சொம்பு. ஆளாளுக்கு வந்து சொம்பை விட்டு முகந்து குடிக்கிறார்கள், விரல் நனைகிறது. குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் 1,100 ரூபாய்க்கு வாங்கிப் போட்டு, சொம்பை அம்மா பரணில் ஏற்றிவிட்ட பிறகுதான் சரியானது. மணல் பெட்டி வாங்குகிறவர்கள் டிரம்முக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

மழைக்காலத்தில் இது எப்படி? நல்ல கேள்வி. கலங்கல் தண்ணீரை நேராக ஊற்றினால் நாலே நாளில் அடைத்துக்கொள்ளும், சொட்டு சொட்டாகத்தான் வரும். அண்டாவில் ராத்திரி தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் வேட்டித் துணியில் வடித்து ஊற்றுகிறோம். அப்படியும் போன ஐப்பசியில் இரண்டு தடவை சுத்தம் செய்ய வேண்டி வந்தது. அது கஷ்டமே இல்லை: ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஓட்டைத் தட்டை எடுத்துவிட்டு, உள்ளங்கையை மணலின் மேல் படுக்க வைத்து மெல்லச் சுற்ற வேண்டும், நெல் துழாவுகிற மாதிரி, ஆழமாகப் போகக் கூடாது. சேறு மேலே கிளம்பும், அதைக் குவளையால் மொண்டு வெளியே கொட்ட வேண்டும். முதல் தடவை அண்ணி கை விட்டபோது பாசி வாடை அடித்தது, குவளையில் வந்த தண்ணீர் கேழ்வரகுக் கூழ் நிறத்தில் இருந்தது. "இதைத்தானேடி குடிச்சிக்கிட்டு இருந்தோம்" என்றார். மணலைத் திரும்பச் சமமாகத் தடவி விட்டால் வேகம் வந்துவிடும். அதற்குப் பிறகு சில நாள் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது, படலம் கலைந்திருக்கும்.

கேண்டில் வைத்த எவர்சில்வர் ஃபில்டர் பக்கத்து வீட்டில் இருக்கிறது, அதுவும் மோசமில்லை. மழைக்காலத்தில் மூன்று நாளைக்கு ஒரு தடவை கேண்டிலைத் தேய்க்கிறார்கள், ஒன்று கை தவறி உடைந்தது, வாங்க நாமக்கல் இறங்கி வர வேண்டும். மணலை யாரும் உடைக்க முடியாது.

இப்போது குறைகள்.

பெரிய குறை, இது குளோரினுக்குப் பரம எதிரி. எங்கள் பாதைக்கும் போன கார்த்திகையில் ஊராட்சிக் குழாய் வந்துவிட்டது, சந்தோஷம்தான். தண்ணீர் விடுகிற அண்ணன் டேங்கில் பிளீச்சிங் பவுடர் போடுகிற நாளில் வாசம் மூக்கைத் துளைக்கும், அதுவும் சரியான வேலைதான், போடத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரை மணல் பெட்டியில் ஊற்றினால் படலத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால் வீட்டில் சட்டம்: குழாய்த் தண்ணீர் குளிக்க, துவைக்க, பாத்திரத்துக்கு; பெட்டிக்கு ஊற்றுத் தண்ணீர் மட்டும். ஊற்றுக்குப் போக முடியாத நாளில் குழாய்த் தண்ணீரை வாயகன்ற அண்டாவில் துணி கட்டி ஒரு நாள் வைத்து, வாசம் போன பிறகு ஊற்றுகிறார்கள். குழாயில் நாள் தவறாமல் சரியாகக் குளோரின் போட்ட தெளிந்த தண்ணீர் வருகிற வீடு என்றால் இந்தப் பெட்டியே உங்களுக்குத் தேவையில்லை. எங்கள் குழாயில் வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறது.

இரண்டாவது, இது நூற்றுக்கு நூறு இல்லை. அமீபா, ஜியார்டியா மாதிரியான பெரிய கிருமிகளையும் புழு முட்டைகளையும் ஏறக்குறைய முழுசாகப் பிடித்துவிடும், பாக்டீரியாவில் பெரும்பகுதியைப் பிடிக்கும், வைரஸ் விஷயத்தில் கொஞ்சம் நழுவவிடும். அதனால் கைக்குழந்தைக்கு அண்ணி இன்னமும் கொதிக்க வைக்கிறார், மழை உச்சத்தில் எல்லாருக்கும் டிரம்மில் குளோரின் மாத்திரை, போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிப்பது. கலங்கல் தண்ணீரில் மாத்திரை போட்டால் பாதி வீண், வடித்த தண்ணீரில் போட்டால் முழுசாக வேலை செய்யும், அந்த வகையில் பெட்டி இருப்பது மாத்திரைக்கும் லாபம்.

உப்பு, ஃபுளோரைடு, இரண்டையும் இது தொடவே தொடாது. தர்மபுரி, சேலம் பக்கம் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்கப் போகாதீர்கள், அது வேறு நோய், வேறு மருந்து.

மூன்றாவது, இதை விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. ஊற்றிவிட்டு ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும், அதே சமயம் இரண்டு நாளுக்கு மேல் ஊற்றாமல் விடக் கூடாது. படலம் பட்டினி கிடக்கும். "மாடு மாதிரிதான், தினமும் தண்ணி காட்டணும்" என்று அம்மா முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். பிடிஎஃப்பில் பத்துப் பக்கம் படித்து நான் புரிந்துகொண்டது அது. ஒரு வாளி, பன்னிரண்டு லிட்டர், ஒரு மணி நேரத்தில் வடிகிறது. காலை ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஆறு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தாராளம்.

சின்னச் சின்னக் குறைகளும் உண்டு: மூடி கனமாக இருக்கிறது, அம்மாவுக்குத் தோள் வலி, நான் தகரத்தில் ஒன்று அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் ஜில்லென்று இருப்பதால் பிள்ளைகள் மோர்ச் செம்பைப் பெட்டிக்குள் தட்டு மேல் வைக்கப் பார்க்கிறார்கள், கூடவே கூடாது. முதல் மாதம் தண்ணீரில் லேசான சிமெண்ட் ருசி, பிறகு போய்விட்டது. பெட்டியை ஒரு தடவை மட்டம் பார்த்து வைத்த பிறகு நகர்த்தவே கூடாது, வெள்ளையடிக்க வந்தவர்களிடம் சண்டை போட வேண்டியிருந்தது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. வடிகட்டிக்கு நாலரை கொடுப்பேன், தூக்கிக்கொண்டு போன சிரமத்துக்கு அரை மதிப்பெண் வெட்டு. போன ஐப்பசியில் அண்ணன் மகன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்குப் பெட்டிதான் காரணமா, சொம்பைப் பரணில் ஏற்றியதா, பள்ளிக்கூடத்தில் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லிக் கொடுத்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆர்.ஓ. மெஷின் இன்னும் துண்டுக்கு அடியில்தான் இருக்கிறது, அரை விலைக்கு வேண்டுமானால் சொல்லுங்கள். அதைக் குறை சொல்லிவிட்டு உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்குத்தான் சொல்கிறேன்.

போன வைகாசியில் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம், வீட்டோடு மூன்று நாள் கீழே இறங்கினோம். பஸ் ஏறுவதற்கு முன் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். கோழிக்குச் சோளம், நாய்க்கு ராத்திரி ஒரு கைச் சோறு, மாட்டுக்கும் பெட்டிக்கும் தண்ணி. மாட்டுக்குக் குழாய்த் தண்ணி, பெட்டிக்கு ஊத்துத் தண்ணி, மாத்திடாத.